நின்று போன கதைக்கு முடிவு உண்டா?

பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்த தமிழருக்கு இரண்டு சொற்கள் நன்றாகப் பழக்கம். ஒன்று, ‘தொடரும்’. மற்றொன்று, ‘முற்றும்’. முதற்சொல்லைக் கண்டால் ஒரு வாரம் பொறுத்திருப்போம். இரண்டாவதைக் கண்டால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போவோம். ஆனால் மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. அதற்கு நம் அச்சுக்கூடங்களில் தனிச் சொல் கிடையாது. ‘தொடரும்’ என்று போட்ட பிறகு கதை தொடராமலே போய்விடுகிற நிலைதான் அது. இந்தக் காலத்தில் அச்சுக்கூடத்தைவிடத் தொலைக்காட்சியில்தான் இந்த விபத்து அதிகமாக நேர்கிறது.

அப்படி நடுவழியில் நிறுத்தப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு மனம் நிறையும்படியான முடிவு உண்டா? நம் கான்டீனில் தேநீர் ஆறிப் போகும் வரையில் இதைப் பற்றி நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடியிருக்கிறார்கள். “கூரை போடாத வீடு வீடாகுமா? நிறுத்தியது நிறுத்தியதுதான், அதற்கு முடிவும் இல்லை, நிறைவும் இல்லை” என்பது ஒரு கட்சி. “முடிவு பார்ப்பவர் மனத்தில் இருக்கிறது. எழுதினவர் நிறுத்தினால் என்ன? நாமே முடித்துக்கொள்ள வேண்டியதுதான்” என்பது மறு கட்சி. இரண்டிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஏன் இல்லை என்று விளக்குவதற்கு உங்களை 2020ஆம் ஆண்டுக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு மார்ச் மாதம் 19ஆம் தேதி முதல் சென்னையிலும் மும்பையிலும் படப்பிடிப்புகள் நின்றன. 25ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. தினத்தொடர் என்பது இட்லிக் கடை மாதிரி. அன்றன்றைக்கு ஆவி பறக்க எடுத்து அன்றன்றைக்கே பரிமாறுவது. மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும் சரக்கு அன்று. கையிருப்பில் இருந்த சில பகுதிகள் தீர்ந்தவுடன், பழைய தொடர்களை மறுபடியும் போட்டார்கள். ஜூலை மாதத்தில் புதுக் காட்சிகளோடு பல தொடர்கள் திரும்பி வந்தன. ஆனால் திரும்பி வராதவையும் இருந்தன. 2017 நவம்பரில் தொடங்கி, ரேவதி அழகம்மை என்னும் தாயாக நடித்துவந்த ‘அழகு’ அப்படி நின்று போன தமிழ்த் தொடர்களில் ஒன்று. இந்தியில் ‘பேஹத் 2’, ‘பட்டியாலா பேப்ஸ்’, ‘இஷாரோன் இஷாரோன் மே’ ஆகிய மூன்றும் இனி வரமாட்டா என்று அந்த மே மாதத்திலேயே செய்தி வந்துவிட்டது. இதற்காக நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. உலகமே கதவடைத்துக்கொண்ட வேளையில் ஒரு கதை நின்றது பெரிய குற்றமா?

ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறக்கலாகாது. தினத்தொடருக்கு முடிவு என்பது பெரும்பாலும் முன்கூட்டி எழுதி வைக்கப்படுவதில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாரந்தோறும் ஒரு கணக்கு வரும். கணக்கு ஏறினால் கதை நீளும். இறங்கினால் கதைக்குள் திடீரென்று ஒரு விபத்தோ, ஒரு கல்யாணமோ நடக்கும். ஒரு நடிகர் விலகிவிட்டால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி திரையில் ஓடும். ‘கோலங்கள்’ தொடர் 2003 முதல் 2009 வரையில் 1,500க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. ‘முடிக்காமல் இருப்பது எப்படி’ என்பதே இந்தக் கலையின் முதற்பாடம் என்றுகூடச் சொல்லலாம். ஆகவே ஒரு தினத்தொடர் நிற்கும்போது, எழுதி வைத்த கடைசி அத்தியாயம் ஒன்று எங்கோ பெட்டிக்குள் கிடப்பதாக எண்ணுவது தவறு. பெரும்பாலும் பெட்டியே கிடையாது.

இது எனக்கு அப்போது தெரியாது. ஐரோலியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்த ஆச்சிக்கும் தெரியாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர் அவர். தாத்தா தோல் பதனிடும் வேலையில் இருந்தார். குடும்பம் கழிமுகத்தைத் தாண்டி ஐரோலிக்கு வந்தது பின்னாளில்தான். ஊரை விட்டு வந்து ஐம்பது வருஷம் ஆன பிறகும், மாலை நேரத்தில் தமிழ்த் தொடர் பார்ப்பது அவருக்கு ஊருக்கு ஒரு நடை போய்வருவது போல. அந்த ஏப்ரலில் அவர் என்னைக் கேட்டார்:

“ஏட்டி, அந்தக் கதை என்ன ஆச்சு? அந்தக் குடும்பம் ஒண்ணு சேர்ந்துச்சா இல்லியா?”

“நின்னு போச்சு ஆச்சி. இனிமே வராதாம்.”

“நின்னு போச்சுன்னா? அவங்கள்லாம் என்ன ஆனாங்க?”

இந்த இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் சொல்வது? நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. கற்பனைக்குப் பஞ்சம் இல்லாத வயது. நானே ஒரு முடிவு கட்டிச் சொன்னேன். கெட்டவர்கள் திருந்தினார்கள், பிரிந்தவர்கள் கூடினார்கள், ஒரு கல்யாணம் நடந்தது, எல்லாரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆச்சி முகத்தைச் சுளித்தார்.

“இது சினிமாக்காரன் முடிப்புல்லா? ரெண்டரை வருசம் மனசுல வச்சிருந்தவ ஒரே நாள்ல மன்னிச்சிருவாளாக்கும்?”

மறுநாள் துயர முடிவு ஒன்று சொன்னேன். வீடு பாகம் பிரிந்தது. ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். “இதுக்கா நான் இத்தனை நாளு பார்த்தேன்?” என்று அதையும் தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் சலித்துப் போய், “ஒண்ணும் நடக்கல ஆச்சி, எப்பவும் போலச் சண்டை போட்டுக்கிட்டே இருக்காங்க” என்றேன். ஆச்சி சிரித்துவிட்டார்.

“அதுதான் நடந்திருக்கும். ஆனா அதை நீ சொன்னா ஆகாதுட்டி. எழுதுனவன்லா சொல்லணும்?”

அன்பர்களே, நம் கான்டீனின் இரண்டாவது கட்சி இங்கேயே தோற்றுப் போகிறது என்பது என் துணிபு. ஆச்சிக்குக் கற்பனை குறைவில்லை. அந்தக் கதை மாந்தர் எதைச் செய்வார்கள், எதைச் செய்யமாட்டார்கள் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவருக்கு இல்லாமல் போனது கதையின் முடிவு அன்று. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள். பார்ப்பவர் ஆளுக்கொரு முடிவு கட்டிக்கொள்ளலாம். அது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் என் பாக்கியை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டால் கடன் அடையுமா?

கடன் என்ற சொல்லை நான் விளையாட்டாகப் போடவில்லை. அந்த மார்ச் மாதத்தில் எங்கள் வீட்டில் தொடர் நின்றதோடு ஆச்சியின் சீட்டும் நின்றது. இதைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் வாதம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அது குலுக்கல் சீட்டு. இருபது பேர், மாதம் ஆளுக்கு ரூ. 1,000. ஐரோலியிலும் கன்சோலியிலும் தாராவியிலும் இருந்த நம்மவர்கள்தான் எல்லாரும். மாதம் 5ஆம் தேதி எங்கள் வீட்டில் எவர்சில்வர் டப்பாவில் பெயர்களைப் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு அந்த மாதத்து ரூ. 20,000. 2019 ஏப்ரலில் தொடங்கிய சீட்டு. 2020 மார்ச்சில் பன்னிரண்டாவது குலுக்கல் முடிந்திருந்தது. பன்னிரண்டு பேர் எடுத்துவிட்டார்கள்; எட்டுப் பேர் எடுக்கவில்லை. அதோடு ஊரடங்கு வந்தது. இட்லி விற்றவருக்கு வியாபாரம் இல்லை. வீட்டு வேலை செய்தவர்களைக் கட்டடத்துக்குள்ளேயே விடவில்லை. தோல் பை தைத்தவர்களுக்குத் தையல் இல்லை. நான்கு குடும்பங்கள் ஊருக்கே போய்விட்டன. சீட்டைப் பொறுத்தவரையில் ‘தொடரும்’ என்று சொன்னால் பொய். ‘முற்றும்’ என்று சொன்னால் மோசடி. நான் முதலில் சொன்ன அந்த மூன்றாவது நிலை இதுதான்.

ஆச்சி படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, என்னை எண்களை அழுத்தச் சொல்லி, இருபது பேருக்கும் டெலிபோன் செய்தார். எல்லாரிடமும் சொன்ன செய்தி ஒன்றுதான். சீட்டு இனி நடக்காது. எடுத்தவர்கள் பன்னிரண்டு பேரும் இன்னும் ரூ. 8,000 தர வேண்டும். முடிந்தபோது முடிந்ததைத் தரலாம். எடுக்காதவர்கள் எட்டுப் பேருக்கும் போட்ட ரூ. 12,000 திரும்ப வரும், ரூ. 20,000 வராது. பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு. எட்டுப் பன்னிரண்டு தொண்ணூற்றாறு. ரூ. 96,000க்கு ரூ. 96,000. கணக்கு ஒரு பைசா பிசகவில்லை. பிசகியதெல்லாம் காலம்தான்.

மும்பையின் உள்ளூர் ரயில்கள் மார்ச் மாதத்திலேயே நின்றிருந்தன. அக்டோபர் 21ஆம் தேதி முதல் பகல் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரையிலும், இரவு ஏழு மணிக்குப் பிறகும் பெண்கள் போகலாம் என்று அனுமதி வந்தது. அதன் பிறகு மாதம் ஒரு முறை, முகத்தை மூடிக்கொண்டு, ஐரோலியில் ஏறித் தாணேயில் மாறி, சயானில் இறங்கித் தாராவிக்குள் நடந்தோம். சிலர் ரூ. 500 கொடுத்தார்கள், சிலர் ரூ. 1,000. ஊரில் இருந்தவர்கள் வங்கி மூலம் அனுப்பினார்கள். எடுத்தவர்களில் ஒருவர் அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். ஆச்சி அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனார். பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்து நோட்டில் அவர் பெயருக்கு நேரே இருந்த மீதியைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். 2021 கார்த்திகையில் எட்டாவது ஆளுக்கும் கடைசி ரூபாய் போய்ச் சேர்ந்தது. அன்று மறுபடியும் இருபது வீட்டுக்கும் டெலிபோன் செய்து, அவரவர் பற்றையும் வரவையும் படிக்கச் சொன்னார். இறந்தவருடைய மனைவிக்கு, “கணக்கு நேராயிட்டும்மா” என்று மட்டும் சொன்னார்.

அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் அவர்கள் ஆசைப்பட்ட ரூ. 20,000 மொத்தமாகக் கிடைக்கவில்லை. ஒருவர் மகளுக்குக் கம்மல் எடுக்க எண்ணியிருந்தார், எடுக்கவில்லை. ஆயினும் மனக்குறையோடு பேசியவர் ஒருவரும் இல்லை. ஏன்? குலுக்கலில் விழும் தொகை அவர்கள் கைக்கு வரவில்லை. ஆனால் போட்ட முதல் வந்தது. கணக்கு வைத்திருந்தவரே வந்து கணக்குச் சொன்னார். இல்லாததைத் தருவதாக யாரும் ஆசை காட்டவில்லை.

நின்று போன கதைக்கும் இதைவிட வேறு இலக்கணம் வேண்டியதில்லை என்றே நான் எண்ணுகிறேன். கடைசிப் பகுதியில் வருகிற பெரிய கல்யாணம், பெரிய சண்டை, பெரிய அழுகை எல்லாம் குலுக்கல் தொகை. தொடர் நின்றுவிட்டால் அது போயிற்று. அதற்காக அழுது பயனில்லை. ஆனால் பார்ப்பவர் நாள்தோறும் போட்ட முதல் ஒன்று இருக்கிறது. ‘இவள் என்ன ஆவாள்? இவனுக்கு உண்மை தெரியவருமா?’ என்று அவர் வைத்த அக்கறைதான் அது. அந்த அக்கறைக்கு விடை சொல்லிவிட்டால் முதல் திரும்பிவிடுகிறது. ஆகவே முடிவு உண்டு என்பது என் கட்சி. ஆனால் அது கதை எழுதினவர் கையிலிருந்து வர வேண்டும்.

இது கிடக்க, நம் இலக்கியத்தில் இதற்குச் சான்று உண்டா என்று பார்ப்போம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரையில் வாராவாரம் வந்து முறையாக முடிந்த கதை. ‘முற்றும்’ போட்டாகிவிட்டது. ஆனால் வாசகர்களுக்கு நிறைவு உண்டாகவில்லை. அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று கேட்டு எழுதினார்கள். கல்கி என்ன செய்தார்? இன்னும் பத்து அத்தியாயம் நீட்டவில்லை. முடிவுரை ஒன்று எழுதினார். கதை மாந்தர் பின்னால் என்ன ஆனார்கள் என்பதையும், சரித்திரக் கதையை ஏன் அவ்விடத்தில் நிறுத்தினார் என்பதையும் அதில் சொன்னார். முடிந்த கதைக்கே கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தயங்காமல் சொன்னார். ஆக, ‘முற்றும்’ என்று போடுவது வேறு, நிறைவு வேறு என்பது நமக்கு அப்போதே தெரிந்த சங்கதி.

அதே 1954இல் அவர் தொடங்கிய மற்றொரு கதை ‘அமர தாரா’. அந்த டிசம்பர் 5ஆம் தேதி கல்கி காலமானார். கதை நடுவில் நின்றது. அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். தந்தையின் நடை மகளுக்கு அப்படியே வருமா என்று விமரிசகர்கள் கேட்கலாம். கேட்கட்டும். அன்றைய வாசகருக்கு வேண்டியிருந்தது கணக்கு நோட்டு. அது மகளிடம் இருந்தது. என்னிடம் ஆச்சி ஒப்புக்கொள்ளாத முடிவை, ‘அமர தாரா’ வாசகர்கள் ஆனந்தியிடமிருந்து பெற்றுக்கொண்டதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உயிரோடு இருக்கும் எழுத்தாளர் கையிலிருந்தே கதை பறிபோவதும் உண்டு. சுஜாதா 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்னணியாக வைத்துக் குமுதத்தில் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்று ஒரு தொடரைத் தொடங்கினார். எதிர்ப்புக் கிளம்பியதால் சில வாரங்களிலேயே அது நின்றது. பிறகு அவர் அதை மாற்றி எழுதி, ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் கொண்டுவந்து முடித்தார். நின்ற சீட்டைப் புது நோட்டில் எழுதித் தீர்த்தது போல.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. 2002இல் ‘ஃபயர்ஃப்ளை’ என்னும் விண்வெளித் தொடரைப் பதினான்கு பகுதிகள் எடுத்து, பதினொன்று மட்டும் ஒளிபரப்பி நிறுத்திவிட்டார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு, 2005இல், அதை உருவாக்கிய ஜாஸ் வீடனே ‘செரினிட்டி’ என்ற திரைப்படத்தை எடுத்தார். தொடரில் தொங்கிக்கொண்டிருந்த முடிச்சுகள் அத்தனையையும் அந்தப் படம் அவிழ்க்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் அது முடியவும் முடியாது. அந்தக் கப்பலில் வந்து சேர்ந்த பெண்ணை அரசாங்கம் ஏன் துரத்துகிறது என்ற பெரிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு நேராக விடை சொன்னது. எல்லாப் பாக்கியையும் தீர்க்கப் பணம் இல்லாதபோது, பெரிய பாக்கியை முதலில் தீர்ப்பதுதானே யோக்கியம்?

“எழுதினவரும் இல்லை, குறிப்பும் இல்லை என்றால் என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கே விடை கதைக்குக் கதை மாறுகிறது. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தை 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதிவந்தார். 1942 ஏப்ரல் 28ஆம் தேதி அவர் மறைந்தபோது அது முடியவில்லை. 122 அத்தியாயங்களோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் அவர் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். ஆயினும் அதைப் படித்து மூடும்போது ஏமாற்றம் தோன்றுவதில்லை. காரணம், அவர் கணக்கைக் கடைசிக்கு ஒத்திப் போடவில்லை. நல்ல ஆசிரியர் கிடைப்பாரா என்று கவலைப்படுகிறோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கிடைக்கிறார். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். 1887இல் அந்தச் சீவக சிந்தாமணி அச்சேறிவிடுகிறது. அவ்வப்போது எழும் கேள்விக்கு அவ்வப்போதே விடை. அன்றன்றைக்கு ஐந்தொகை எழுதி வைத்த கடையைப் போல, எந்த நாளில் மூடினாலும் அந்த நூலில் பாக்கி அதிகம் நிற்காது.

பாரதியாரின் ‘சந்திரிகையின் கதை’ வேறு மாதிரி. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தபோது அதுவும் நின்று போயிற்று. அதில் விதவையான அத்தை விசாலாட்சிக்கு மறுமணம் ஆகுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. ஆனால் தலைப்பில் பெயர் பெற்ற சந்திரிகை இன்னும் குழந்தை. அவள் வளர்ந்து என்ன ஆவாள் என்று சொல்ல இனி யாரும் இல்லை. விசாலாட்சியின் கணக்கு நேர். சந்திரிகையின் கணக்கு என்றென்றைக்கும் பாக்கி. இதை நான் மறைக்கவில்லை. எல்லா நின்ற கதைக்கும் நிறைவு உண்டு என்று சொல்வது என் நோக்கம் அன்று.

இதற்கு ஒரு மறுப்பும் எழும். “பத்திரிகைக்குக் காசு கொடுத்தோம். தொலைக்காட்சித் தொடருக்கு என்ன கொடுத்தோம்? சும்மா உட்கார்ந்து பார்த்ததற்குக் கணக்குக் கேட்பதா?” என்பார்கள். சும்மா பார்த்தோம் என்பது சரியன்று. நாம் பார்க்கிறோம் என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் விளம்பரக் காசு வருகிறது. ஆனால் நான் காசைச் சொல்லவில்லை. வீட்டை விட்டு வெளியே போக முடியாத ஒரு முதியவள், தினம் அரைமணி நேரம் வேறொரு குடும்பத்தின் சுகதுக்கத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொள்கிறாள். அந்தக் குடும்பம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் இரவோடு இரவாகக் காலி செய்துகொண்டு போனால் நமக்கு எப்படி இருக்கும்? போகட்டும், போவதற்கு முன் வாசலில் நின்று “இன்ன ஊருக்குப் போகிறோம்” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

அந்த ஒரு வார்த்தைக்குச் செலவு அதிகம் ஆகாது என்பதே நான் கடைசியாகச் சொல்ல வந்தது. நம் நாட்டுத் தொலைக்காட்சியிலேயே அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ என்னும் தொடர் தொடங்கியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றி, அன்று நடந்ததைப் பற்றி நேயர்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அதற்கு அரங்கம் வேண்டியதில்லை, கூட்டம் வேண்டியதில்லை. ஒரு மனிதர், ஒரு காமிரா, அவ்வளவுதான்.

ஒரு தொடரை நிறுத்தியே தீர வேண்டும் என்று ஆகிவிட்டால், அதை எழுதினவர் அப்படி ஒரு நாற்காலியில் வந்து அமரட்டும். பத்து நிமிஷம் போதும். “கதையை இதற்கு மேல் எங்களால் நடத்த முடியவில்லை. நாங்கள் எண்ணியிருந்தது இது. இன்னவள் மன்னித்திருப்பாள், இன்னவன் மாட்டிக்கொண்டிருப்பான், இந்த இடத்தில் என்ன செய்வது என்று நாங்களே இன்னும் முடிவு செய்யவில்லை” என்று பெயர் பெயராகச் சொல்லிவிடட்டும். ‘முடிவு செய்யவில்லை’ என்பதும் நேர்மையான கணக்குத்தான். ஊரடங்கில்கூட ஒரு கைப்பேசியின் முன் அமர்ந்து இதைச் செய்திருக்க முடியும். கல்கி ஒரு முடிவுரையில் செய்த வேலைதானே இது?

நம்மில் சிலர் நாளைக்கு இந்தத் தொழிலுக்கே போகக்கூடும். கதை எழுதுவதாகவும், படம் பிடிப்பதாகவும் கனவு காணும் நண்பர்கள் நம் மன்றத்தில் குறைந்தது அரை டஜன் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: முதல் நாள் ‘தொடரும்’ என்று எழுதும்போதே ஒரு நோட்டும் போட்டு வையுங்கள். எந்தக் கேள்வியை யாரிடம் கடனாக வாங்கினீர்கள் என்று அதில் குறித்து வாருங்கள். ஓடும் வரையில் ஓடட்டும். நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நேயர் முன் வந்து படித்துவிட்டுப் போங்கள். ஐரோலியில் ஒரு ஆச்சி இன்னும் காத்திருக்கிறார். போன தீபாவளிக்குக்கூட, முறுக்குப் பிழிந்துகொண்டே, “ஏட்டி, அவங்கள்லாம் என்னதான் ஆனாங்க?” என்று கேட்டார்.